தூக்குப்போசி ரத்தம்

பயப்படாதீங்க தம்பி, ரத்தந்தானுங்க. காலை மட்டும் சித்த அக்கட்ட வச்சுக்கங்க. இந்தத் தூக்குப்போசி மூடி லூசு, பஸ்சு குலுங்குனா சிந்திரும்.

அட, நிசமான ரத்தமில்லீங்க. பீட்ரூட்டு. துருவிப் பிழிஞ்சு, மைதா மாவைக் கரைச்சு விட்டு, அடுப்புல வச்சுக் கிண்டிக்கிட்டே இருக்கோணும். எறக்குனதும் மேல ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெய். அப்பத்தான் தோலுல ஒட்டி மெதுவா வழியும். சினிமாக்காரங்க ரத்தமெல்லாம் இதுகிட்ட நிக்காதுங்க. இன்னிக்கு மட்டும் கட்டி தட்டிப் போச்சு. நான் காய்ச்சுனேன், அதான். எப்பவும் என்ற ஊட்டுக்காரிதான் காய்ச்சுவா.

அவ விசயமாத்தானுங்க போயிட்டிருக்கறேன். கோவில்பாளையத்துல இறங்கோணும். அங்க ஒரு பயிற்சி நிலையம் இருக்குது, அங்க இருக்கற பெரியவங்களைப் பார்த்து ஒரு நியாயம் கேக்கோணும். எனக்கு வர வேண்டிய வேலையை என்ற பொண்டாட்டிக்குக் குடுத்துட்டாங்க. ஒரே ஒரு வேலைதான். அதுக்கு நானும் இருந்தேன், அவளும் இருந்தா, அவளைப் போட்டுட்டாங்க. சிரிக்காதீங்க. நான் பொறாமையில சொல்லலீங்க. கட்டுன பொண்டாட்டி மேல ஆராச்சும் பொறாமைப்படுவாங்களா? நியாயத்தைச் சொல்றேன்.

பையில என்னங்க, அப்படிக் கட்டிப் புடிச்சிருக்கீங்க? துணியா? திருப்பூர்ச் சட்டைங்களா. சரி சரி, ஒண்ணும் படாதுங்க. போசியை நானே மடியில வச்சுக்கறேன்.

என்ற பேரு நாச்சிமுத்து. புளியம்பட்டில மைக்செட் வச்சிருக்கறேன், ஊர்க்காவல் படையிலயும் இருக்கறேன். ஆனா மைக்செட் நாச்சிமுத்துன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. அடிபட்ட நாச்சிமுத்துன்னு கேளுங்க, தீயணைப்பு நிலையத்துல இருந்து தாலுகா ஆபீசு வரைக்கும் கையைக் காட்டுவாங்க. மாக் டிரில்னு நடத்தறாங்களே, பார்த்திருப்பீங்க. வெள்ளம் வந்தா என்ன பண்றது, ஆலையில கேஸ் கசிஞ்சா என்ன பண்றதுன்னு ஒத்திகை. அதுல அடிபட்டுக் கெடக்கறதுக்கு ஆளு வேணுமில்லீங்க? அந்த ஆளு நானு.

அதுலயும் ஒரு தரம் இருக்குதுங்க. ஆம்புலன்ஸ் ஆளுங்க ஓடியாந்து கெடக்கறவங்க கழுத்துல ஒரு சீட்டு மாட்டுவாங்க. பச்சைன்னா நடக்கற ஆளு, அக்கட்டப் போய் உக்காரு. மஞ்சள்னா சித்தப் பொறுத்துப் பார்க்கலாம். சிவப்புன்னா இப்பவே தூக்கோணும், இல்லீன்னா உசுரு போயிரும். கறுப்புன்னா முடிஞ்சுது, விட்டுட்டு அடுத்த ஆளைப் பாரு. நான் எப்பவும் சிவப்புங்க. ஒத்திகை நடத்தறவங்க எனக்கு மஞ்சள்னு எழுதிக் குடுத்திருப்பாங்க. நான் போடற சத்தத்துல அது சிவப்பாயிரும். ஒருக்கா ஒரு தாசில்தாரம்மா என்ற சத்தத்தைக் கேட்டுட்டு மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க. அவங்களை நிசமான ஆம்புலன்சுல ஏத்துனாங்க.

அதை விடுங்க, இன்னொரு சங்கதி சொல்றேன். ஒன்பது, பத்து வருசமிருக்கும். ஒரு ஆலையில கட்டடம் இடிஞ்சு விழுந்த மாதிரி ஒத்திகை. எனக்குக் கல்லுக்கு அடியில எடம். நடிக்கறப்பப் போன் வச்சுக்கக் கூடாதுங்க, வாங்கி வச்சுருவாங்க, அது விதி. கல்லுக்கடியில சாகக் கெடக்கறவனுக்குப் போன் அடிச்சா எப்படியிருக்கும்? சாயங்காலம் திருப்பி வாங்கிப் பார்த்தா, ருக்கு வரிசையாக் கூப்பிட்டிருக்கறா. ருக்குமணி, என்ற ஊட்டுக்காரி. அவ அப்ப அஞ்சு மாசம். கண்ணாலமாகி நெம்ப வருசம் கழிச்சு நின்னது. பக்கத்து ஊட்டுக்காரங்க ஆட்டோவுல கொண்டுபோய் ஒரு ஆசுபத்திரில சேர்த்திருக்காங்க. நான் வண்டியை எடுத்துட்டு ஓடுனேன், ரத்தம் பூசுன சட்டையைக் கூட மாத்தலீங்க.

அங்க வாசப்படில கால் வச்சதும், தம்பி, நீங்க பார்த்திருக்கோணும். ரெண்டே நர்சம்மாதான் இருந்தாங்க, ரெண்டு பேரும் இவ கட்டில்கிட்ட. என்னையப் பார்த்ததும் இவளை விட்டுட்டு என்கிட்ட ஓடியாந்துட்டாங்க. ஒருத்தி தோளைத் தாங்கறா, ஒருத்தி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிட்டு வர்றா. டாக்டரையும் என்கிட்டயே கூப்பிட்டுட்டாங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்கன்னு சொல்றேன், அதிர்ச்சியில ஒளர்றான்னு படுக்க வச்சுச் சட்டையைக் கத்திரி போட்டு வெட்டறாங்க. அவங்க ரத்தத்துலயே பொழங்கறவங்க தம்பி. அவங்களே நம்பிட்டாங்கன்னா பார்த்துக்குங்க. இன்னிக்கும் படைக்குப் புதுசா ஆரு வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாம விட மாட்டேன்.

புள்ளையா? அது தங்கலீங்க. அதுக்கு ஆரு என்ன பண்றது. அப்பறம் நிக்கவும் இல்ல. ருக்கு அதைப் பத்திப் பேச மாட்டா, நானும் பேச மாட்டேன். ஜாக்கெட் தைப்பா, சோறாக்குவா. ரத்தம் வேணும்டின்னா காய்ச்சிக் குடுப்பா. ஆனா நம்ம நடிப்பைப் பார்க்க ஒருக்காக் கூட வந்ததில்ல. ஊரே பார்க்குது, கட்டுனவ பார்க்க வரலைன்னா மனசுக்குச் சங்கடமா இருக்காதுங்களா? எனக்கு இருந்துச்சு. அவளுக்கு இந்தக் கலையில ருசி இல்லீன்னு விட்டுட்டேன்.

அப்படிப்பட்டவதானுங்க. கேளுங்க கூத்தை.

இந்தக் கோவில்பாளையத்து நிலையம் வந்தது பொறகு. பெரிய கூடம், அதுக்குள்ள ஒரு பஸ்சையே கவுத்துப் போட்டிருக்காங்க. புகை வருது, சைரன் கத்துது, வேணும்னா மழையும் பெய்யுது. பிளாஸ்டிக் பொம்மை மூச்சு விடுது, கண்ணுல தண்ணி விடுது. மேல பூரா கேமரா, மைக்கு. ஆம்புலன்ஸ் ஆளுங்களுக்கும் தீயணைப்பு ஆளுங்களுக்கும் அதுக்குள்ள விட்டுத்தான் பயிற்சி. இத்தனை செலவு பண்ணிப் பண்றமே, இதுல நிசமாவே பலன் இருக்குதா, இல்ல போர்டுல எழுதிச் சொல்லிக் குடுத்தாலே போதுமான்னு கண்டுபுடிக்கறதுக்குப் பர்வீன்னு ஒரு மேடம் வந்தாங்க. கொஞ்சப் பேருக்குக் கூடத்துல பயிற்சி, கொஞ்சப் பேருக்குப் போர்டுல பாடம். அப்பறம் ரெண்டு கூட்டத்தையும் ஒரே மாதிரி விபத்துல இறக்கி விட்டு ஆரு தேவலைன்னு பார்க்கறது. பொம்மை போதாது, பேசற ஆளு வேணும்னாங்க. என்னையக் கூப்பிட்டாங்க. என்னைய விட்டா ஆரைக் கூப்புடுவாங்க?

மேடம் ஒரு புது வழக்கம் கொண்டாந்தாங்க. அடிபட்டவங்களும் மார்க்குப் போடோணுமாம். உங்ககிட்ட வந்தவங்க எப்படி நடந்துக்கிட்டாங்கன்னு எழுதுங்கன்னாங்க. எனக்கு அதுல குழப்பமே இல்லீங்க. சிவப்புச் சீட்டு மாட்டுனவனுக்கு முழு மார்க்கு. மஞ்சள் மாட்டுனவனுக்கு சைபர். மேடம் அதைப் படிச்சுப் பார்த்துட்டுக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டாங்க. அசந்து போயிட்டாங்கன்னு நினைச்சேன்.

அப்பறம் ஒரு நாள் நான் ரத்தத்தை மறந்துட்டுப் போயிட்டேன். போன் பண்ணுனேன், ருக்கு இதே போசியில எடுத்துட்டு இதே பஸ்சுல வந்து இறங்குனா. குடுத்துட்டுப் போயிருக்கோணும். அன்னிக்குன்னு பார்த்து, சொந்தக்காரங்க வேசம் போடற அம்மா வரல. விபத்துன்னா ஒறம்பரை சனம் ஓடியாந்து அழுது, ஆளுங்களைப் புடிச்சு இழுத்து வேலை செய்ய விடாம ரகளை பண்ணுவாங்கல்ல, அதை ஆளுங்க எப்படிச் சமாளிக்கறாங்கன்னு பார்க்கறதுக்கு ஒரு வேசம். மேடம் இவளைப் பார்த்துட்டு, "நீங்க ஒரு வாட்டி வர்றீங்களாம்மா"ன்னாங்க. மாட்டேன்னு சொல்லுவான்னு நினைச்சேன். நாலு பேரு முன்னால பேசவே கூசறவ. சரிங்கன்னுட்டா.

உள்ள வந்தா. அழுவலீங்க. கத்தலீங்க. கவுந்த பஸ்சு ஓரமா வந்து நின்னு, வேலை செஞ்சுட்டிருந்த பையன் சட்டையைப் புடிச்சா, புடிச்ச கையை விடல, அவ்வளவுதான். முடிஞ்சதும் அவ கையைப் புடிச்சுக்கிட்டு அந்தப் பையன் அழுவறான். என்ற நடிப்புக்கு இத்தனை வருசத்துல ஆரும் அழுததில்லீங்க. மயக்கம் போட்டிருக்காங்க, ஓடியிருக்காங்க, ஒரு டிஎஸ்பி கை குலுக்கியிருக்காரு. அழுததில்ல.

அன்னிக்கு அவளும் மார்க்குப் போட்டா. என்ன எழுதுனான்னு மேடமே எல்லாரு முன்னாலயும் படிச்சுக் காட்டுனாங்க. "அந்தத் தம்பி வேலை நல்லா செஞ்சாரு, ஆனா என் மூஞ்சியைப் பார்க்கல. ரெண்டாவதா வந்த பொண்ணு என் பேரு கேட்டுச்சு. பேரு கேட்டதும் எனக்கு மூச்சு வந்துச்சு." இதையா எழுதுவாங்க? பேரு கேட்டா என்ன, கேக்காட்டி என்ன, அடையாள அட்டையில எழுதி மாட்டியிருக்குதே. மேடம் அதைப் படிச்சுட்டு, இனிமே இதையும் சேர்த்துப் பார்க்கோணும்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் எல்லா ஆம்புலன்ஸ் பசங்களும் என்கிட்டயும் வந்து உங்க பேரென்னங்க, உங்க பேரென்னங்கன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. வலியில கத்திட்டிருக்கறவன் எப்படிங்க பேரு சொல்றது? நடிப்பே கெட்டுப் போச்சு.

இன்னொண்ணும் சொன்னாங்க மேடம். அதைத்தான் என்னால மறக்க முடியல. "சத்தம் போடறவங்களுக்கு மூச்சு இருக்குதுன்னு அர்த்தம். சத்தம் போடாதவங்களை முதல்ல பாருங்க." எல்லாரையும் உக்கார வச்சுப் பாடம் மாதிரிச் சொன்னாங்க. நான் அப்பத்தான் தொண்டை கிழியக் கத்திட்டு வந்து தண்ணி குடிச்சுட்டிருக்கறேன். என்னையப் பார்த்துத்தான் சொல்றாங்கன்னு தெரியாதா எனக்கு? பக்கத்துல ருக்கு உக்காந்து தலையை ஆட்டிட்டிருக்கறா.

வவுறு எரிஞ்சுச்சு தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. பொறாமை இல்லீங்க, வவுத்தெரிச்சல்.

அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் ருக்கும்மா, ருக்கும்மாதான். நாச்சிமுத்து அண்ணன் வந்துட்டாராங்கறது போய், ருக்கும்மா ஊட்டுக்காரரு வந்துட்டாரான்னு ஆயிப்போச்சு. ஊட்டுல கேட்டேன், "ஏன்டி, எங்க கத்துக்கிட்ட இதையெல்லாம்?"னு. மிசின்ல நூல் கோத்துக்கிட்டே, "கத்துக்கறதுக்கு என்னங்க இருக்குது"ன்னா. திமிரைப் பாருங்க. நான் கண்ணாடி முன்னால நின்னு மூச்சுத் திணறல் எத்தனை விதமா வருதுன்னு பழகுனவன். இவ கத்துக்கவே இல்லையாம்.

அப்பறம் அந்தக் கடைசி ஒத்திகை. அதை வச்சுத்தான் மேடம் முடிவு சொல்லுவாங்க, அதை வச்சுத்தான் நிலையத்துல ஒருத்தரை நிரந்தரமா வச்சுக்குவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். வேசம் போடறவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கற வேலை. எனக்குன்னே அளவெடுத்துத் தைச்ச வேலை. அதுல எனக்கு என்ன குடுத்தாங்கன்னா, பஸ்சுக்கடியில நெஞ்சு நசுங்குன ஆளு. ருக்கு, அவனோட பொண்டாட்டி. நானும் அவளும் ஒரே காட்சி. சரி, இன்னிக்குத் தெரிஞ்சுரும் ஆரு ஆருன்னு, அப்படின்னு போய்ப் படுத்தேன்.

எழுதிக் குடுத்தது சிவப்புத்தான். திணறித் திணறி மூச்சு விடோணும். நான் நினைச்சேன், கத்துனா மதிப்பில்லைங்கறாங்க, சத்தமில்லாம இருந்தாத்தான மதிப்பு, நானும் சத்தமில்லாம ஒரு காட்டுக் காட்டறேன்னு. கிரிஜான்னு ஒரு ஆம்புலன்ஸ் புள்ள, அதுதான் என்கிட்ட வந்துச்சு. வர்றது தெரிஞ்சதும் மூச்சைப் புடிச்சுக்கிட்டேன். நெஞ்சு அசையல. புள்ள குனிஞ்சு, "உங்க பேரென்னங்க"ன்னுச்சு. தாடையைத் தூக்கி மூச்சுக்கு வழி பண்ணிக் காத்திருந்துச்சு. அப்பவும் நான் விடல. கண்ணு வெளிய வருது, விடலீங்க. பதறட்டும், அழுவட்டும்னு இருக்கறேன். அந்தப் புள்ள கழுத்துல ஒரு சீட்டை மாட்டிட்டு, தோளை ஒருக்காத் தொட்டுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. லேசாக் கண்ணைத் தொறந்து பார்த்தேன்.

கறுப்பு.

வழி பண்ணியும் மூச்சு வரலைன்னா கறுப்புன்னு அவங்க விதி. அது எனக்குத் தெரியாதா? எத்தனை வாட்டி கேட்டிருக்கறேன். அந்த நேரத்துல ஞாபகத்துல நிக்கல. கறுப்பு மாட்டுனா விசில் அடிக்கற வரைக்கும் அசையக் கூடாது, பேசக் கூடாது. பொணம் பேசுமா? அப்படியே கெடந்தேன்.

அப்ப வர்றா இவ. சீட்டைப் பார்த்துருக்கறா. எழுதிக் குடுத்தது என்னன்னா, கட்டிப் புடிச்சு அழுவோணும், ஆளுங்களைப் போக விடாம மறிக்கோணும். என்ன பண்ணுனா தெரியுங்களா? பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தா. கிரிஜாவைக் கூப்பிட்டு, "போயிட்டாருங்களா"ன்னு கேட்டா. அந்தப் புள்ள, "ஆமாங்கம்மா"ன்னுச்சு. "சரி கண்ணு. அப்ப எனக்காக இங்க நிக்காத. அங்க ஒருத்தி சத்தமே இல்லாமக் கெடக்கறா, அவளைப் போய்ப் பாரு"ன்னா. அந்தப் புள்ளையும் போயிருச்சு. இதெல்லாம் எழுதிக் குடுக்காததுங்க. இஷ்டத்துக்கு விடறா.

அதோட விட்டாளா? என்ற சட்டையில இருந்த பீட்ரூட்டை வெரல்ல தொட்டுப் பார்த்தா. அப்பறம் நெம்ப மெதுவாப் பேசுனா, ஆனா எனக்கு மேலதான் மைக்கு. "இப்பவாச்சும் நான் சொல்றதைக் கேட்டுத்தான ஆகோணும். அன்னிக்கு நான் எத்தனை வாட்டி கூப்பிட்டேன். நீங்க வந்தீங்க. வந்தும், நர்சம்மா ரெண்டு பேரையும் உங்க பக்கம் இழுத்துக்கிட்டீங்க. நான் கட்டில்ல கெடந்து பார்த்துட்டே இருந்தேன், எப்பத் திரும்புவாங்கன்னு. உங்க சட்டையை வெட்டிட்டு இருந்தாங்க. அவங்க திரும்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுங்க."

கேட்டுக்கங்க தம்பி. நான் சொன்னேனே, அதே கதை. அது ஆரு கதைங்க? என்ற கதை. ரத்தத்தைப் பூசிக்கிட்டுப் போய் நர்சுகளை ஓட வச்சது நானு. அதைத் தூக்கிக்கிட்டுப் போய், அழுவற மாதிரி மாத்தி, அத்தனை பேரு முன்னால அவ கதையாட்டம் சொல்லிட்டா. நான் வாயைத் தொறக்க முடியல. பொணம். விசில் ஊதறவரு விசிலை வாயில வச்சுக்கிட்டு ஊத மறந்துட்டாரு. கிரிஜா அக்கட்ட வேலையைப் பார்த்துக்கிட்டேதான் கண்ணைத் தொடைச்சுக்குது, ஆனா கை நிக்கல பாருங்க, கட்டுப் போட்டுக்கிட்டே இருக்குது. முடிஞ்சதும் கைதட்டு. ஆருக்கு? நான் இன்னும் படுத்திருக்கறேன்.

மேடம் முடிவு சொன்னாங்க. கூடத்துல பழகுன கூட்டம் மனசு கலங்குனாலும் வேலையை விடல, போர்டுல படிச்ச கூட்டம் ஒறம்பரை சனத்தைப் பார்த்ததும் தடுமாறிருச்சு, அதனால இந்தப் பயிற்சிக்குப் பலன் இருக்குதுன்னு. அதுக்குக் காரணம் மனுசங்க குடுத்த உணர்ச்சிதான்னும், முக்கியமா ஒருத்தருன்னும் சொன்னாங்க. அந்த ஒருத்தரு நானில்ல. வேலை அவளுக்கு. தங்கறதுக்கு ரூமும் உண்டு.

முதல்ல சனிக்கிழமையானா ஊட்டுக்கு வந்துட்டிருந்தா. இப்ப வர்றதில்ல. தையல் மிசினையும் ஆளு விட்டு எடுத்துட்டுப் போயிட்டா. அங்க எதுக்குங்க தையல் மிசினு? பொழுது போகலைன்னா தைப்பாளாட்ட இருக்குது. போன் பண்ணுனா சுவிட்ச் ஆப்னு வருது. நடிக்கறப்ப வாங்கி வச்சுருவாங்களாம், விதியாம். விதின்னா? ஊட்டுல இருந்து ஒருத்தன் கூப்புட்டுட்டே இருக்கறான், எடுக்கோணும்னு தோணாதுங்களா? என்னமோ ஏதோன்னு பதறாதுங்களா?

அதுக்குத்தானுங்க இந்தப் போசி. இன்னிக்கு அங்க வாசல் கேட்டுக்கிட்ட போனதும் இதை மேல ஊத்திக்கிட்டு, நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உள்ள போறேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அத்தனை பேரும் பதறிக்கிட்டு என்கிட்ட ஓடியாருவாங்க. அவளும் பார்ப்பா, மேடமும் பார்ப்பாங்க. அப்பறம் சொல்லட்டும், வேலை ஆருக்குக் குடுத்திருக்கோணும்னு. எப்படி நம்ம யோசனை?

அன்னூர் தாண்டி கணேசபுரமும் வந்துருச்சு போல. இந்த டிரைவர் நெம்ப வெசையா ஓட்டறான். பாருங்க, அந்த பைக்குக்காரன் குறுக்க...

அய்யோ.

இல்லீங்க, எனக்கு ஒண்ணுமில்லீங்க. பிரேக்கு போட்டதுல போசி கவுந்துருச்சு, அவ்வளவுதான். பீட்ரூட்டுங்க. கண்டக்டரே, விடுங்க, படுக்க வைக்காதீங்க. அட அம்மா, நீங்க எதுக்கு அழுவறீங்க? தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க இவங்ககிட்ட. எத்தனை பேரு ஓடியாறாங்க பாருங்க. கட்டி தட்டியும் நம்பறாங்க பாருங்க.

சித்த இருங்க. தம்பி, அந்தப் புள்ள எங்க? முன்னால கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சே, பச்சைத் துப்பட்டா. அதா, கீழ. சீட்டுக்கடியில சாஞ்சு உக்காந்திருக்குது. சத்தமே போடல. ஏனுங்க, என்னைய விடுங்க. எனக்காக இங்க நிக்காதீங்க, அவளைப் பாருங்க. வழி விடுங்க. அம்மிணி, இங்க பாரு, என்ற மூஞ்சியைப் பாரு. உன்ற பேரென்ன கண்ணு? கௌசல்யாவா. சரி கௌசல்யா, தலையை ஆட்டாத, நான் புடிச்சுக்கறேன். தம்பி, உங்க பையில இருந்து சுத்தமா ஒரு துணி எடுங்க. காதுக்குப் பின்னால ரத்தம் வருது, அழுத்திப் புடிங்க. ஆராச்சும் ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க. கௌசல்யா, தூங்காத கண்ணு, எந்தக் காலேசு நீ?

அப்பாடா. அந்தப் புள்ளையை ஆம்புலன்சுல ஏத்திட்டாங்க, பஸ்சும் கெளம்பிருச்சு. பேச ஆரம்பிச்சிருச்சு, அதுவே போதும். நல்ல வேளை, நீங்க கையை எடுக்காம அழுத்திப் புடிச்சிருந்தீங்க.

அந்த ஆம்புலன்ஸ்காரப் பையன் என்னைய மேலயும் கீழயும் பார்த்துட்டு, இத்தனை பேரு இருக்கறப்ப அவளை முதல்ல பார்த்தது ஆருன்னு கேட்டான், கவனிச்சீங்களா? நானுதான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சுங்க. என்னமோ தெரியல, என்ற ஊட்டுக்காரின்னு சொல்லிட்டேன். அவன் பஸ்சுக்குள்ள எட்டி எட்டிப் பார்க்கறான், எங்க அந்தம்மான்னு.

எனக்காக இங்க நிக்காதீங்கன்னு சொன்னேனே, அது அவ வசனங்க. என்ற வாயில எப்படி வந்துச்சு? இதையும் அவதான் சொல்லிக் குடுத்தான்னு சொல்லுவாங்க பாருங்க.

அந்தப் புள்ள சத்தமே போடலீங்க. கண்ணை மட்டும் தொறந்து வச்சுக்கிட்டு, எல்லாரும் என்னையச் சுத்தி நிக்கறதைப் பார்த்துட்டிருந்துச்சு. எப்பத் திரும்புவாங்கன்னு.

ருக்குவும் அன்னிக்குச் சத்தம் போடலீங்க.

கோவில்பாளையம் வந்துருச்சுங்களா. இறங்கோணும். போசி காலி, அது கெடக்கட்டும். சட்டையைப் பாருங்க, நெஞ்சு பூரா ஆயிப்போச்சு. இதோட அந்தக் கேட்டுக்குள்ள போனா அத்தனை பேரும் என்கிட்டத்தான் ஓடியாருவாங்க. அவ அங்க எங்கயாச்சும் நின்னு பார்த்துட்டிருப்பா.

தம்பி, உங்க பையில எனக்கு ஆகற மாதிரி ஒரு சட்டை இருக்குதுங்களா? எந்தக் கலரானாலும் சரிங்க. சிவப்பு மட்டும் வேண்டாம்.